சீலம் எடுத்த நாளில் சொன்ன உண்மை

1

தர்ஷினிக்கும் கவினுக்கும் அப்பா எழுதுவது.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் தர்ஷினி திருத்தி வாசிக்கட்டும். போனில் பேச வந்தால் மனதில் இருப்பது ஒன்று, வாயில் வருவது வேறொன்றாகப் போய்விடுகிறது. அதனால் ஒரு கொப்பி வாங்கி எழுதுகிறேன்.

இந்த வெசாக் மாதத்தோடு நான் இத்தாலிக்கு வந்து ஏழு வருடம். பதுளை ஸ்டேஷனில் காலை ரயில் ஏறும்போது கவினுக்கு மூன்று வயது. அம்மாவின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். தர்ஷினிக்கு ஒன்பது. "எப்பப்பா வருவீங்க?" என்று கேட்டாள். "அடுத்த தீபாவளிக்கு" என்றேன். அன்றைக்கு அது பொய் இல்லை. நானும் அப்படித்தான் நம்பினேன். பிறகு ஒவ்வொரு வருடமும் அதையே சொன்னேன். எந்த வருடத்திலிருந்து அது பொய்யானது என்று எனக்கே தெரியவில்லை.

இந்த வெசாக் பண்டிகை ஞாயிறன்று நான் போன் எடுத்தபோது தர்ஷினி கேட்டது இது. அவள் மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை.

"அப்பா, இந்த தீபாவளிக்கு வர்றீங்களா?"

"பாப்போம்டா."

"என்னா இது புதுசா இருக்கு? எப்பவும் வர்றேன்னுதான சொல்லுவீங்க."

"பாப்போம்னுதான சொல்றேன்."

"பாப்போம் வேணாம்ப்பா. ஏழு வருஷமா பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம். வர்றதுன்னா வர்றேன்னு சொல்லுங்க, இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க. அடுத்த ஞாயித்துக்கெழம சொன்னா போதும். அன்னைக்கும் பாப்போம்னு சொன்னீங்கன்னா இனி நான் போனுக்கு வர மாட்டேன். அம்மா பேசுவாங்க, தம்பி பேசுவான்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பது போலக் கேட்டாள். கோபப்பட்டிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன்.

அன்று நான் "வர்றேன்" என்று சொல்லாததற்குக் காரணம் உண்டு. அன்று நான் புத்தர் பிறந்த நாள் விரதமாகச் சீலம் எடுத்திருந்தேன். பொய் சொல்லக் கூடாத நாள்.

2

என் வேலையைப் பற்றி உங்களுக்குச் சரியாகச் சொன்னதில்லை. "ஒரு வீட்ல வேல" என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். எண்பத்து நான்கு வயதான ஒருவரைப் பார்த்துக்கொள்கிறேன். நோன்னோ என்று கூப்பிடுவேன். இந்த ஊர் பாஷையில் தாத்தா. காலையில் குளிப்பாட்டி, முகம் மழித்து, கோப்பி கொடுத்து, ஜன்னல் பக்கம் உட்கார வைப்பேன். முன்பு அவர் ரயில் ஓட்டியவர். கையை இன்னும் ஏதோ பிடியைப் பிடித்திருப்பது போலவே வைத்திருப்பார்.

நோன்னோவுக்கு மறதி நோய். ஒரு நாளைக்குப் பத்துத் தரமாவது கேட்பார்.

"லூசியா எங்கே?"

லூசியா அவர் மனைவி. இறந்து நான்கு வருடம். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவருடைய மகள் சொல்லிவிட்டார், அப்பா கேட்டால் அம்மா சந்தைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லவேண்டும் என்று. இரண்டு வருடமாக அப்படியே சொல்லி வந்தேன். அவர் தலையாட்டுவார். "வந்ததும் கதவைத் திறந்து விடு, கை நிறையப் பை இருக்கும்" என்பார். எனக்கு அது பொய்யாகவே படவில்லை. மருந்து கொடுப்பதைப் போல அதையும் கொடுத்தேன்.

இங்கே எனக்கும் அந்த மருந்தைத்தான் கொடுக்கிறார்கள். வெளிநாட்டவர் அனுமதிப் பத்திரம் கொடுக்கும் அலுவலகத்தில் என் கோப்பு கிடக்கிறது. அதற்கு விடியக் காலையில் போய் வரிசையில் நிற்க வேண்டும். நம்பர் துண்டு கொடுப்பார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பெண் கணினியைப் பார்த்துவிட்டு, பரிசீலனையில் இருக்கிறது என்பார். எப்போது முடியும் என்று கேட்டால் தோளைக் குலுக்குவார். இந்த வீட்டுக்கு வருமுன் நான் வேலை செய்த, அந்தப் பத்திரத்துக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த முதலாளியம்மா இறந்துவிட்டார். அவர் கொடுக்கவேண்டிய ஒரு பத்திரம் இல்லை. அதை யார் கொடுப்பது என்று அலுவலகத்துக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. கோப்பு முடியாமல் நாட்டை விட்டுப் போனால் திரும்பி உள்ளே வர விடமாட்டார்கள். இதைத்தான் நான் உங்களுக்கு "லீவு கெடைக்கல" என்று சொல்லி வந்தேன்.

பாஷையும் அரைகுறைதான். இங்கே ஆமாம் என்பதற்கு சி என்பார்கள். நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி அது நாக்கில் ஒட்டிவிட்டது. ஒரு நாள் கவின் "அப்பா, நான் ரன்னிங்ல செகண்ட்" என்றான். "சி, சி" என்றேன். "என்னாப்பா சீச்சீங்கிறீங்க, செகண்ட் நல்லதுதான?" என்று கேட்டான். அதைச் சொல்லிச் சொல்லி நீங்கள் மூன்று பேரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

3

நான் இங்கே பன்சலைக்கு, புத்தர் கோவிலுக்கு, போவதை அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறேன். "அங்க போயி மதம் மாறிட்டீங்களா?" என்று கேட்டார். மாறவில்லை. உங்கள் வயதில் புத்தரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் வெசாக்குக்கு வழியோரம் சும்மா கொடுக்கும் தன்சல் சோறுதான். வெசாக் வந்தால் நம் ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலிருந்து பதுளை வரைக்கும் நடப்போம். ஒரு தன்சலில் மரவள்ளிக் கிழங்கு, அடுத்ததில் சோறு, அதற்கடுத்ததில் நெஸ்கோப்பி. கொடுக்கிறவர் சிங்களத்தில் ஏதோ சொல்வார், நாங்கள் தலையாட்டிவிட்டுத் தட்டை நீட்டுவோம்.

இங்கேயும் சோற்றுக்காகத்தான் முதலில் போனேன். பழைய கார் கராஜ் ஒன்றை வாடகைக்கு எடுத்துப் பன்சலையாக்கியிருக்கிறார்கள். அங்கே இருக்கும் ஹாமுதுரு, அதாவது பிக்கு, வெலிமடைச் சிங்களவர், என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவர் என்பதால் நம்மைப் போலவே தமிழ் பேசுவார்.

அவர் எனக்கு மூச்சைக் கவனிக்கச் சொல்லிக் கொடுத்தார். மூச்சு வருவதும் போவதும் தெரிய வேண்டும், அவ்வளவுதான். கோபமோ பயமோ வந்தால் அதை விரட்டவும் வேண்டாம், அதன் பின்னால் ஓடவும் வேண்டாம், வந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டால் போதும் என்றார். அலுவலக வரிசையில் நின்று செய்து பார்த்தேன். வரிசை நகரவில்லை, ஆனால் நான் கடிகாரத்தைப் பார்ப்பது குறைந்தது.

இந்த வெசாக் ஞாயிறு வெள்ளை உடுத்திக்கொண்டு எட்டுச் சீலம் எடுத்தேன், பொய் சொல்லாமை அதில் ஒன்று. மறுநாள் விடியும் வரை காக்க வேண்டும். என்னோடு அறையில் இருக்கும் பண்டாரவளை ரிஸ்வான் மாமாவை உங்களுக்குத் தெரியும்தானே, அவர் சும்மா விடவில்லை.

"ஒரு நாளைக்குப் பொய் சொல்லாம இருக்க வெள்ளச் சட்ட எதுக்கு மச்சான்? வாய மூடிக்கிட்டு இருந்தாப் போதுமே."

அன்று காலை ஹாமுதுரு, புத்தர் தன் சொந்த மகனுக்குச் சொன்ன பாடம் ஒன்றைச் சொன்னார். ஏழு வயதுப் பிள்ளை. கால் கழுவிய பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீரை மிச்சம் வைத்துக் காட்டினாராம். தெரிந்துகொண்டே பொய் சொல்ல வெட்கப்படாதவனுடைய நல்ல குணம் இவ்வளவுதான் என்றாராம். பிறகு அந்தத் தண்ணீரையும் ஊற்றிவிட்டுப் பாத்திரத்தைக் கவிழ்த்துக் காட்டினாராம். ஒரு காரியத்தைச் செய்வதற்கு முன்பும், செய்யும்போதும், செய்த பிறகும், இதனால் எனக்கோ மற்றவருக்கோ கெடுதி உண்டா என்று பார்த்துக்கொள்ளச் சொன்னாராம்.

எனக்கு அந்தப் பாடத்தைவிட அந்த அப்பாவின் மேல்தான் நினைவு போனது. பிள்ளை பிறந்தவுடன் விட்டுவிட்டுப் போனவர் அவர். ஏழாம் வருடம் ஊருக்கு வந்தார். அதை ரிஸ்வானிடம் சொன்னபோது, "அவருக்கு விசா தேவப்படல்லயே மச்சான்" என்றார்.

இப்போது நான் செய்த தவறைச் சொல்ல வேண்டும். தர்ஷினி பிறக்கும்போது கதிர்காமத்து முருகனுக்கு நேர்ந்து மொட்டை போட்டவன் நான். விரதம் என்றால் நேர்த்திக்கடன் என்றுதான் என் புத்திக்குத் தெரியும். சீலம் எடுக்கும்போதும் மனதுக்குள் ஒரு நேர்த்தி வைத்தேன். இந்த ஒரு நாளை முறிக்காமல் காத்துவிட்டால் என் கோப்பு சரியாகி நான் தீபாவளிக்கு ஊருக்குப் போக வேண்டும். அதனால்தான் தர்ஷினி கேட்டபோது "வர்றேன்" என்று சொல்ல வாய் வரவில்லை. "வரல்ல" என்று சொல்லவும் வரவில்லை.

4

அன்று பின்னேரம் ஆறு மணிக்கு வேலைக்குத் திரும்பினேன். நோன்னோவின் மகள் வெளியே போனதும் அவர் கேட்டார்.

"லூசியா எங்கே?"

சந்தைக்கு என்று சொல்ல வாயைத் திறந்தேன். சீலம் ஞாபகம் வந்தது. நேர்த்தி ஞாபகம் வந்தது. பேச்சை மாற்றிப் பார்த்தேன். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். அவர் மூன்றாம் தரமும் கேட்டார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன், எனக்குத் தெரிந்த அரைகுறை இத்தாலி மொழியில்.

"லூசியா அம்மா இறந்துவிட்டார், நோன்னோ. நான்கு வருடமாகிறது."

அவர் கையை இழுத்துக்கொண்டார். "எனக்கு ஏன் யாரும் சொல்லவில்லை?" என்று கேட்டார்.

அவருக்கு அது நான்கு வருடத்துக்கு முன் நடந்தது இல்லை. அந்த நிமிடம் நடந்தது. எழுந்து நின்று, சாவு வீட்டுக்குப் போடும் கறுப்புக் கோட்டைக் கேட்டார். நான் கொடுக்கவில்லை. தானே தேடி எடுத்துப் பிழையாகப் பொத்தான் போட்டுக்கொண்டு கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நல்ல வெக்கை. கோட்டுக்குள் வியர்த்து ஊற்றியது. மாதா கோவிலுக்குக் கூட்டிப் போ என்று அழுதார். ஒரு பெரிய மனிதர் சின்னப் பிள்ளை மாதிரி அழுவதை நான் பார்த்ததில்லை. ஒரு மணி நேரம் போயிருக்கும். ஏன் அழுகிறோம் என்பது அவருக்கு மறந்துவிட்டது. ஆனால் அழுகை நிற்கவில்லை.

"நான் எதற்காக அழுகிறேன்?" என்று என்னிடமே கேட்டார்.

  கோட்டைக் கழற்றி முதுகைத் துடைத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் மகள் வந்து அவர் முகத்தைப் பார்த்ததுமே கேட்டுவிட்டார். நடந்ததை அப்படியே சொன்னேன். வேலையை விட்டுப் போகச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னார்: "நான்கு வருடமாக ஒவ்வொரு நாளும் நான்தான் அம்மாவைச் சந்தைக்கு அனுப்புகிறேன். அது எனக்குச் சுலபம் என்றா நினைத்தாய்?"

5

வியாழக்கிழமை எனக்கு அரை நாள் லீவு. பன்சலைக்குப் போனேன். ஹாமுதுரு முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"சாமி, பொய் சொல்லக் கூடாதுன்னுதான உண்மைய சொன்னேன். இப்பிடி ஆயிருச்சே."

"அந்த உண்மைய யாருக்காக சொன்னீங்க?"

"அவருக்காகத்தான்."

"அவரு கேட்டது இந்த ரெண்டு வருஷமாவும்தான. அன்னைக்கு மட்டும் என்னா?"

நேர்த்தி வைத்ததைச் சொன்னேன். அவர் விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு சிரித்தார்.

"புத்தர்கிட்டயா? ஏங்க, அவரு கதிர்காமத்து சாமி மாதிரி இல்லீங்க. குடுக்கிறதுக்கு அவருகிட்ட ஒண்ணும் கெடையாது. பெர்மிட் ஒபிசுல அவருக்கு ஆளும் இல்ல. நீங்க என்னா நெனச்சி செஞ்சீங்களோ அதுதான் ஒங்களுக்கு."

பிறகு உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். புத்தர் பேசிய விதம் இப்படியாம். பொய்யாக இருந்தால், கேட்கிறவருக்குப் பிடித்தமானதாக இருந்தாலும் சொல்ல மாட்டாராம். உண்மையாக இருந்தாலும் பிரயோசனம் இல்லாவிட்டால் சொல்ல மாட்டாராம். உண்மை, பிரயோசனமும் உண்டு, ஆனால் கேட்கிறவருக்குக் கசக்கும் என்றால், அதற்கு நேரம் பார்த்துச் சொல்வாராம்.

"அப்ப இனிமே நான் என்னா சொல்றது? சந்தைக்குப் போயிருக்காங்கன்னு சொல்லலாமா?"

"சொல்லுங்கன்னு என் வாயால சொல்ல முடியாதுங்க."

"அப்ப செத்துட்டாங்கன்னு?"

"அத சொல்லவே சொல்லாதீங்க."

"அப்ப?"

"தெரியலீங்க." அவர் கூட்டிய சருகுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கம்மாவுக்கும் இதே மறதி வருத்தம். வெலிமடைக்குப் போனா என்னைய மகன்னு தெரியாது. சாமின்னு காலுல விழுந்து கும்பிடுறாங்க. நான்தாம்மா ஒங்க மகன்னு நானும் சொல்றதில்ல. அது சரியா பெழையான்னு இன்னும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

இவ்வளவு படித்தவருக்கே தெரியவில்லை என்றபோது எனக்குப் பயமாகவும் இருந்தது, கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது.

அவர் சொன்ன ஒன்றை மட்டும் செய்து பார்த்தேன். பதில் சொல்வதற்கு முன் ஒரு மூச்சு விடுவது. அன்று நோன்னோ கேட்டதும் ஒரு மூச்சு விட்டேன். "லூசியா அம்மா என்ன சமைப்பார்?" என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்து முயல் கறியைப் பற்றிச் சொன்னார். இரண்டாம் தரமும் அது நடந்தது. மூன்றாம் தரம் முறைத்துப் பார்த்தார். "கேட்டதற்குப் பதில் சொல்" என்றார். ரயில் ஓட்டியவர் அல்லவா, பாதையை விட்டு இறங்க மாட்டார். நான் அவருக்குத் தண்ணீர் எடுத்து வரப் போனேன்.

பன்சலையிலிருந்து பஸ்ஸில் வரும்போதே ஹாமுதுரு கேட்ட கேள்வி மனதில் ஓடியது. யாருக்காகச் சொன்னேன். நோன்னோவிடம் சொன்ன உண்மை எனக்காகச் சொன்னது. உங்களிடம் சொன்ன பொய்? உங்களுக்காக என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். பிள்ளைகள் ஏங்கக் கூடாது என்று. அப்படி இல்லை. "வர்றேன்" என்று நான் சொன்னதும் அந்தப் பக்கம் ஒரு சிரிப்புக் கேட்கும். ஒரு கிழமை முழுக்க வேலை செய்ய எனக்கு அந்தச் சிரிப்பு வேண்டியிருந்தது.

6

சனிக்கிழமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ரிஸ்வான் மாமாதான் வாசித்தார். வாசித்துக்கொண்டு வந்தவர் நடுவில் நிறுத்தினார்.

"உட்காரு மச்சான்."

"நிக்கிறேன், சொல்லு."

"முடியாதுன்னு போட்டிருக்கான். லோயர் வச்சி அப்பீல் பண்ணலாமாம். அது ஒரு வருஷமோ மூணு வருஷமோ."

அவர் கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்தார். பிறகு அவரே சொன்னார்: "மகளுக்கு வர்றேன்னே சொல்லிடு. தீபாவளிக்கு இன்னும் அஞ்சு மாசம் கெடக்கே. அப்ப பாத்துக்கலாம்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவரும் பண்டாரவளைக்கு அப்படிச் சொல்கிறவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் எடுத்தேன். உங்களுக்குப் பின்னேரம் மூன்றரை. தகரத்தில் மழை கொட்டும் சத்தம் கேட்டது. தர்ஷினிதான் எடுத்தாள்.

"சொல்லுங்கப்பா."

ஒரு மூச்சு விட்டேன்.

"வரல்லடா. இந்த தீபாவளிக்கும் வரல்ல. அடுத்ததுக்கும் தெரியாது." கடிதம் வந்ததைச் சொன்னேன். லீவு கிடைக்கவில்லை என்று சொன்னதெல்லாம் பொய் என்றும் சொன்னேன்.

அவள் கேட்டாள். 

"எல்லாத்தையும் விட்டுட்டு வந்தா?"

"வரலாம். வந்தா திரும்பி இங்க வர முடியாது."

"ம்."

"கோவமா?"

"இல்லப்பா. தெரிஞ்சிருச்சுல்ல." பிறகு சொன்னாள். "அப்ப அந்த ரூம தொறக்கச் சொல்லி அம்மாகிட்ட சொல்லுங்க."

"எந்த ரூமு?"

"நீங்க அனுப்புன காசுல லயத்து வீட்டோட சேத்துக் கட்டுனதுதான். அப்பா வந்தா படுக்கணும்னு அம்மா மூணு வருஷமா பூட்டியே வச்சிருக்காங்க. கட்டில் கூட பொலித்தீன் கழட்டல்ல. நான் அடுப்படியில பொகைக்குள்ள ஒக்காந்து படிக்கிறேன். கேட்டா, அப்பா இந்த தீபாவளிக்கு வந்துருவாருன்னு சொல்றாங்க."

தர்ஷினி, இது எனக்குத் தெரியாது. அந்த அறையில் நீங்கள் இரண்டு பேரும் மேசை போட்டுப் படிக்கிறீர்கள் என்றுதான் நினைத்திருந்தேன். நான் சொன்ன ஒரு சொல் மூன்று வருடம் பூட்டாகத் தொங்கியிருக்கிறது. நோன்னோவிடம் சொன்ன உண்மையால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை. உன்னிடம் சொல்லாத உண்மையால் உன் கண்ணில் புகை போயிருக்கிறது. இது இரண்டையும் எந்தத் தராசில் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மாவிடம் அன்றே சொன்னேன். அம்மா, "சரிங்க, தொறக்கிறேன்" என்று மட்டும் சொன்னார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அது ஏன் என்று கேட்க எனக்கும் தைரியம் வரவில்லை.

அதற்கு முன் தர்ஷினி குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "தம்பிகிட்ட இப்ப சொல்லாதீங்கப்பா. ஸ்கொலர்ஷிப் பரீட்ச முடியட்டும். இப்ப சொன்னா படிக்க மாட்டான்."

உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்ட பிள்ளையே இதையும் சொல்கிறாள். நேரம் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பதை அவளுக்கு யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. சரி என்றேன். கவின் கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தேன். பொய்யும் சொல்லக் கூடாது, உண்மையும் சொல்லக் கூடாது. அவன் கைக்குப் போன் போனது.

"அப்பா, மொடல் பேப்பர்ல எம்பத்தி ரெண்டு. கணக்குலதான் ரெண்டு பெழ. சார் நல்லம்னு சொன்னாரு."

"கெட்டிக்காரன்டா."

"மழ விட்டா வெளாடப் போகணும். அம்மாகிட்ட குடுக்கவா?"

"வேற ஒண்ணும் கேக்கணுமாடா?"

"இல்லையே." அவன் யோசித்தான். "என்னா கேக்கிறது?"

போனை வைத்த பிறகு நெடுநேரம் நினைத்துப் பார்த்தேன். எப்ப வருவீங்க என்று கவின் என்னிடம் கடைசியாகக் கேட்டது எந்த வருடம் என்று ஞாபகம் வரவில்லை. அவன் கேட்டதே உண்டா என்றும் தெரியவில்லை.

கவின், உன் பரீட்சை முடிந்த பிறகு அக்கா இந்தக் கொப்பியை உனக்குத் தருவாள். நீ கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டியது என்று நினைத்து எழுதுகிறேன். அப்பா நினைத்தால் நாளைக்கே வரலாம். வந்தால் திரும்பிப் போக முடியாது, உங்கள் படிப்பு நின்றுவிடும், அம்மா கால் வலியோடு இன்னும் எத்தனை வருடம் தேயிலைக் கொழுந்துக் கூடையைச் சுமப்பார் என்று பயந்து வராமல் இருக்கிறேன். யாரும் என்னைக் கட்டி வைக்கவில்லை. வராமல் இருப்பது நான்தான். அது சரியா என்று எனக்குத் தெரியாது. நீ வளர்ந்த பிறகு பிழை என்று சொன்னால், அப்பா கேட்டுக்கொள்வேன்.